கூண்டில் விட்டுவைக்கும் ஒன்று

கூண்டு கனத்தது, சத்தம் மட்டும் இல்லை. சின்னவளுக்கு முதலில் உறைத்தது அதுதான். கொடுக்கு இறால் மாட்டிய கூண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் உள்ளே ஒரு சந்தையே நடக்கும். கம்பியில் ஓடு உரசும் சடசடப்பு, ஒன்றின் காலை ஒன்று கவ்வி இழுக்கும் கடகடப்பு, வாலை அடித்து அடித்து முகத்தில் தெறிக்கும் சேறு, குழாயடியில் நாலு பேர் குடத்தோடு நின்றால் எப்படியோ அப்படி. இன்று கூண்டின் வாய் வரைக்கும் கருஞ்சிவப்பாக நிறைந்திருந்தன, ஒன்றுகூட அசையவில்லை. செத்துப்போகவும் இல்லை. மீசைகள் மட்டும் மெதுவாக, எல்லாம் ஒரே பக்கமாக ஆடிக்கொண்டிருந்தன.

"அக்கா, இதைக் கொஞ்சம் வந்து பாரேன்."

"பார்த்தேன் பார்த்தேன். ரொம்பி வழியுது. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காம வாளியைக் கொண்டா, கழுதை."

பெரியவளின் பேச்சு எப்போதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவள் துடைத்த தரையில் டாக்டரே செருப்போடு கால் வைக்க யோசிப்பார் என்று பேச்சு. சின்னவள் தையல்காரி. புருஷன் கைவிட்ட பிறகு தையல் மெஷினையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து அக்காவின் திட்டைச் சாப்பாட்டோடு சாப்பாடாகச் சாப்பிட்டு வருகிறாள். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து இப்போது வெளியூர் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறது. இன்று சாயங்கால பஸ்ஸில் லீவுக்கு வருகிறது. இந்தக் கூண்டு, கைவலை, விடியற்காலைக் குளிர் எல்லாமே அந்தக் குட்டிக்காகத்தான். நண்டின் கொடுக்கும் இறாலின் உடம்புமாக இருக்கும் இந்தப் பிராணியைப் பெரியம்மா கையால் அவித்துக் கொடுத்துவிட்டால் அதற்கு வேறு எதுவும் வேண்டாம். பெற்றது சின்னவள் என்றாலும், பிள்ளையில்லாத பெரியவளுக்கும் அந்தப் பெண்தான் உயிர்.

குளம் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. எந்தக் காலத்திலோ கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம். மழை பெய்து பெய்து நிறைந்து, கரையெல்லாம் கோரை மண்டிக் கிடந்தது. பஸ் ரோட்டிலிருந்து ஊருக்குள் போகும் குறுக்குப் பாதை அதன் ஓரமாகத்தான் போகிறது. வழக்கமாக இங்கே வந்தால் சேறும் அழுகிய தழையும், கூண்டுக்குள் இரைக்காகக் கட்டிய மீன்தலையுமாகச் சேர்ந்து ஒரு நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். இன்று அதுவும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைப் போலக் குளம் சுத்தமாக மணத்தது. நாற்றம் இல்லை என்று ஒருத்தி பயப்படுவாளா? சின்னவள் பயந்தாள்.

"இரையைத் தொடவே இல்லை அக்கா. மீன்தலை அப்படியே இருக்கு. அப்புறம் எதுக்கு இத்தனை உள்ளே வந்துச்சு?"

"உன்கிட்ட தைக்கக் குடுக்க வந்திருக்கும், அளவெடு. பேச்சைப் பாரு!"

பெரியவள் கூண்டை வாளியில் கொட்டினாள். கொட்டும்போது ஒன்றை மட்டும் நிறுத்தி, முதுகைப் பிடித்துத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி கூண்டுக்குள் விட்டாள். கூண்டு வைக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மொத்தத்தையும் வழித்து எடுக்கக் கூடாது. ஒன்றை உள்ளே விட்டுவைக்க வேண்டும், கொழுத்ததாக, காயம் படாததாக. காலிக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர, கொடுக்கு இறால் லேசில் உள்ளே போகாது. தன் இனத்தில் ஒன்று உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், சந்தேகம் போய்விடும், ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்துவிடும். விட்டுவைத்த அந்த ஒன்றைப் பெரியவள் 'மாப்பிள்ளை' என்பாள். கூண்டைத் தண்ணீரில் இறக்கும்போது, "போங்க மாப்பிள்ளை, சொந்தக்காரங்களை அழைச்சிட்டு வாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். இன்றும் சொன்னாள், இன்றும் சிரித்தாள்.

கடைசிக் கூண்டு கோரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கயிற்றை இழுத்தார்கள், வரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள், அப்போதும் வரவில்லை.

"கல்லுல மாட்டியிருக்கும். நான் இறங்கி எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம் அக்கா. ஒரு கூண்டுதானே, போய்த் தொலையட்டும்."

"நல்லாயிருக்கே! கம்பியை வளைச்சு வளைச்சு என் விரல் தேஞ்சுபோச்சு, இவ தானம் பண்றா. இங்கேயே நில்லு. தண்ணியைக் கண்டாலே உனக்கு நடுக்கம், நீ எல்லாம் கூண்டு வைக்க வந்துட்டே."

கைவலையை ஊன்றிக்கொண்டு பெரியவள் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. கோரையை விலக்கிக்கொண்டு போனாள், விலகிய கோரை அவளுக்குப் பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டது. தண்ணீர் சளக் சளக்கென்று கேட்டது, அவள் முணுமுணுப்பு கேட்டது, யாரையோ நாசமாய்ப் போக என்றாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. சின்னவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பனிமூட்டம் தண்ணீரின் மேல் படிந்து கிடந்தது. தவளை இல்லை, பூச்சி இல்லை. கையிலிருந்த கயிறு மட்டும் மெல்ல, மிக மெல்ல, யாரோ அந்தப் பக்கம் நின்று அதன் நீளத்தை அளந்து பார்ப்பதைப் போல, ஒரு முறை இறுகி ஒரு முறை தளர்ந்தது.

"அக்கா!"

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"அக்கா! விளையாடாதே, எனக்குப் பயமாயிருக்கு!"

தொண்டை கிழியக் கத்தினாள். ஓடிப்போய் யாரையாவது கூட்டிவரலாமா, அதற்குள் அக்கா மூழ்கிவிட்டால் என்ன செய்வது, தனக்கு நீச்சல் தெரியாதே என்று தவித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில் கோரை விலகியது. பெரியவள் வந்தாள். போன வழியாக இல்லை, கொஞ்சம் தள்ளி வேறொரு பக்கமாக வந்தாள். கையில் கூண்டு இல்லை, கைவலையும் இல்லை.

"அங்கேயே இருக்கட்டும், விடு" என்றாள். பிறகு சின்னவளின் கன்னத்தைத் தொட்டாள். "பயந்துட்டியா கண்ணு?"

சின்னவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான், தன்னைக் 'கண்ணு' என்று அக்கா இதுவரை கூப்பிட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கொடுக்கு இறாலைப் பிடித்தவுடன் அவிக்க முடியாது. வயிற்றுச் சேற்றைக் கக்குவதற்கு நல்ல தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். அதற்காகவே குளியலறைத் தொட்டியை ஒழித்து வைத்திருந்தார்கள். மற்ற நாட்களில் அவை தொட்டிச் சுவரைக் கீறுகிற சத்தத்தில் தையல் மெஷின் சத்தமே கேட்காது. பக்கத்து வீட்டுக்காரி எலி புகுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாள். இன்று வீடு அமைதியாக இருந்தது. சின்னவள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈரத்துணியை மாத்தேன் அக்கா. ஜுரம் வந்துடும்."

"மாத்தலாம் கண்ணு."

மாற்றவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டி நாற்காலி வரைக்கும் வந்தது, அந்தத் துணி காயவில்லை. சொட்டவும் இல்லை. நாற்காலிக்கு அடியில் தரை உலர்ந்தே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்தது, போனது. பெரியவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சின்னவள் டீ கொண்டுபோய் வைத்தாள், அது ஆடை படிந்து கிடந்தது. சட்டைக்காரர் வந்து, காலர் கோணல் என்று சின்னவளிடம் எகிறினார். மற்ற நாளாயிருந்தால் பெரியவள் அவரைத் தெருமுனைவரை விரட்டியிருப்பாள். இன்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். "உள்ளே வாங்களேன், உட்கார்ந்துட்டுப் போகலாம்" என்றாள். அந்த மனிதர் கோபத்தை மறந்து, ஏதோ சொந்த வீட்டுக்குள் நுழைவதைப் போலச் செருப்பைக் கழற்றினார். சின்னவள்தான் பாய்ந்து சட்டையை அவர் கையில் திணித்து, "அவசரமா வெளியே கிளம்புறோம்" என்று கதவைச் சாத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். தொட்டியில் இருந்த அத்தனையும் ஒரு சுவரோடு ஒட்டிக் குவிந்து கிடந்தன. முன்னறைப் பக்கச் சுவர். அந்தச் சுவருக்கு நேர் அப்பால்தான் அக்காவின் நாற்காலி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குவியல் மெல்ல நகர்ந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக, சத்தமில்லாமல், வலப்பக்கமாக. பெரியவள் எழுந்து சமையலறைக்கு நடந்து போகும் காலடி கேட்டது. குவியல் சமையலறைப் பக்கத்து மூலைக்குப் போய் நின்றது.

அக்காவுக்கு உயிருக்கு உயிரான பொருள் ஒன்று உண்டு, நீலக் கண்ணாடி ஜாடி. முதல் சம்பளத்தில் வாங்கியது. அதைத் துடைக்கக்கூட வேறு யாரையும் விட மாட்டாள். போன வருஷம் குட்டி அதன் மூடியைத் தொட்டதற்கு ஒரு நாள் பூராவும் திட்டினாள். சின்னவள் அலமாரியைத் திறந்தாள், ஜாடியை எடுத்தாள், அக்காவின் கண்ணெதிரே கையை விட்டாள்.

திட்டு அக்கா. ஒரே ஒரு தடவை திட்டிவிடு. மூதேவி என்று சொல், எருமை என்று சொல், கன்னத்தில் அறை. நான் உன் காலில் விழுந்து கும்பிடுகிறேன்.

பெரியவள் உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள், சிரித்தாள்.

"பரவாயில்லை கண்ணு. கால்ல குத்திடப் போகுது, தள்ளி நில்லு."

அந்த நிமிஷத்தில் சின்னவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வழித்து எடுக்கக் கூடாது. ஒன்றை விட்டுவைக்க வேண்டும். கொழுத்ததாக, காயம் படாததாக. கோரைக்கு அந்தப் பக்கம் அக்காவை யாரோ முதுகைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள், திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள், வீட்டுக்குள் மறுபடி இறக்கி விட்டிருக்கிறார்கள். தன் அக்கா போய்விட்டாள். வாய்விட்டு அழக்கூடப் பயமாக இருந்தது.

பெரியவள் போனை எடுத்தாள்.

"குட்டி, பெரியம்மா பேசறேன். பஸ் ஏறிட்டியா? அப்படியா, முன்னாடியே கிளம்பிட்டியா, சமத்து. ஊருக்குள்ள வர வேண்டாம்டா, ரோட்டுலயே இறங்கிக் குறுக்குப் பாதையில வா. குளத்தாண்ட இருப்பேன்."

சின்னவள் போனைப் பிடுங்கினாள். "குட்டி! அங்க இறங்காதே! அம்மா சொல்றேன், இறங்காதே!" இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி அடித்தாள், மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், இப்போது மணியும் போகவில்லை.

"ஏன் பதறுறே?" என்றது பெரியவளின் குரல், அவ்வளவு இதமாக. "எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

அவள் வழியை மறிக்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை. நகர்ந்து வழிவிட்டாள். சின்னவள் செருப்பு போடாமல் ஓடினாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாசல் திறந்திருந்தது, வாசலில் யாரும் இல்லை. வெயில் சாய்ந்துவிட்டது, நிழல்கள் நீண்டு தெருவின் குறுக்கே கிடந்தன. பஞ்சர் கடைக்காரர் என்னம்மா என்று கேட்டார், அவரைத் தாண்டி ஓடினாள். ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பத்துப் பேரும் கரையில் நின்று, அக்கா உருவத்தில் இருக்கும் அதைப் பார்ப்பார்கள். அதற்குத்தானே அது நிற்கிறது. வேண்டாம். தனியாகத்தான் போக வேண்டும். பிள்ளையைக் கரையிலேயே பிடித்துவிட வேண்டும்.

எதிரே ரோட்டில் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. வருகிற பஸ் இல்லை, குட்டியை இறக்கிவிட்டுப் போகிற பஸ்.

குறுக்குப் பாதையில் முள் குத்தியது, நிற்கவில்லை. குளத்தின் சுத்தமான வாசனை முதலில் வந்தது. பிறகு கோரை தெரிந்தது. கரையில் குட்டியின் பள்ளிக்கூடப் பை நேராக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஷூ, ஜோடியாக. உள்ளே மடித்து வைத்த சாக்ஸ்.

அவள் பெற்ற பிள்ளை ஷூவை ஜோடியாகக் கழற்றி வைத்ததே கிடையாது. ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும், இன்னொன்று தெருவில் கிடக்கும்.

"அம்மா."

இடுப்பளவு தண்ணீரில் நின்றது. இரட்டைப் பின்னல். காதில் சின்னவள் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கல் தோடு. பக்கத்தில் பெரியவள். எப்படி முன்னால் வந்தாள், எந்த வழியாக வந்தாள், தெரியவில்லை. அவர்களைச் சுற்றித் தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை.

"அம்மா, வாம்மா. தண்ணி இதமா இருக்கு."

"குட்டி, கரைக்கு வா. அம்மா சொல்றேன் இல்லே, வா."

"நீ வாம்மா."

அது தன் பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தன் பிள்ளைதான் என்றும் தெரிந்தது. குரலில் பயணக் களைப்பு இருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடி இருந்தது. உதட்டோரம் பஸ்ஸில் தின்ற பிஸ்கட் துகள் இருந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால்? இழுத்தால் வந்துவிடும் என்றால்? இழுத்துப் பார்க்காமல் எந்தத் தாய் திரும்பிப் போவாள்?

இது கூண்டு. தெரியும். உள்ளே வைத்திருப்பது என்ன என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் அவள் தண்ணீருக்குள் கால் வைத்தாள்.

சில்லென்று இல்லை. இதமாக இருந்தது.

முழங்கால். தொடை. வாழ்நாள் பூராவும் தண்ணீரைக் கண்டு நடுங்கியவள் நடந்தாள். குட்டியின் கையைப் பிடித்தாள். சூடான கை. இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். பிள்ளை தரையில் முளைத்ததைப் போல நின்றது. சிரித்தது. அந்தப் பக்கத்திலிருந்து பெரியவள் குட்டியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலடியில் ஏதோ நகர்ந்தது. பெரியது. அவசரமில்லாதது. கணுக்காலைத் தொட்டது. முதுகுக்கு ஏறியது. பிடித்தது. வலிக்கவில்லை.

திருப்பிப் பார்த்தது.

பிறகு அவளை மெல்ல நிற்க வைத்தது. பயம் இருந்த இடம் காலியாக இருந்தது. அழ வேண்டும் என்று ஞாபகம் இருந்தது, எப்படி அழுவது என்பது ஞாபகம் இல்லை. ஆனால் கண் தெரிந்தது, காது கேட்டது, உள்ளே ஒரு மூலையில் அவள் முழுசாக விழித்துக்கொண்டு இருந்தாள். அக்காவும் இப்படித்தான் காலையிலிருந்து விழித்துக்கொண்டு இருந்தாளா? ஜாடி உடைந்தபோது உள்ளே கிடந்து திட்டினாளா?

குறுக்குப் பாதையில் சைக்கிள் மணி கேட்டது. முன்பின் தெரியாத ஆள். முன்கம்பியில் கட்டிய சின்ன இருக்கையில் ஒரு குழந்தை, நடக்கப் பழகி நாளாகாத குழந்தை, உட்கார்ந்திருந்தது. தண்ணீரில் நின்ற மூன்று பேரையும் பார்த்துக் கையை ஆட்டியது. அந்த ஆள் பிரேக் பிடித்தார்.

"என்னம்மா, இந்த நேரத்துல தண்ணியில நிக்கறீங்க? ஏதாவது உதவி வேணுமா?"

ஓடிடுங்க. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடிடுங்க. நிக்காதீங்க. பார்க்காதீங்க. சின்னவள் தன் உயிர் மொத்தத்தையும் திரட்டி வாயைத் திறந்தாள்.

"வாங்களேன்" என்றாள், தாலாட்டுகிற குரலில். "தண்ணி இதமா இருக்கு. குழந்தையையும் இறக்கி விடுங்க."

அந்த ஆளின் முகத்திலிருந்த சந்தேகம் போய்விட்டது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். குழந்தையைத் தூக்கிக் கரையில் விட்டார். அது தள்ளாடித் தள்ளாடி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, சின்னவளின் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி தண்ணீரை நோக்கி நடந்து வந்தது. சின்னவளும் கையை நீட்டினாள்.